பத்து நிமிடப் பாட்டு, இரண்டு குரல்கள்

பின்லாந்தின் கிழக்கு ஓரத்தில், ரஷ்ய எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது கிதே என்ற சிற்றூர். ஏரியும் காடும் சூழ்ந்த இடம். 1996 கோடையில் ஓர் இரவு, நண்பர்களோடு நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது துவோமாஸ் ஹோலோபைனனுக்கு ஒரு இசைக்குழு தொடங்கும் எண்ணம் வந்தது. கீபோர்டு அவருடையது. கிடாருக்கு எம்ப்பு வூரினென். பாடுவதற்கு, சாஸ்திரிய முறையில் குரல் பயின்றுகொண்டிருந்த தாரியா துருனென். மூவருக்கும் பதினெட்டு, பத்தொன்பது வயது.

நெருப்போரத்துக்கு ஏற்ற அமைதியான அக்கூஸ்டிக் இசைதான் முதலில் திட்டம். தாரியாவின் ஓபராக் குரல் அதற்குள் அடங்கவில்லை. அந்தக் குரலுக்கு ஈடுகொடுக்க மின்கிடாரும் டிரம்ஸும் தேவைப்பட்டன. நைட்விஷ் என்ற அந்தக் குழு மெட்டல் குழுவானது இப்படித்தான். குரல் பெரிதாக இருந்ததால் இசையும் பெரிதாக வேண்டியதாயிற்று.

1997இல் வந்த முதல் ஆல்பத்தை இன்று கேட்டால் அந்த ஆசையும் அதை எட்டாத கையும் ஒன்றாகத் தெரிகின்றன. ஐம்பது வயலின்கள் எழும்ப வேண்டிய இடத்தில் துவோமாஸின் கீபோர்டு மட்டும் ஒலிக்கிறது. சத்தம் மெல்லியது, சில இடங்களில் பிளாஸ்டிக் வாடைகூட அடிக்கிறது. ஆனாலும் அந்தப் பையனின் மனதில் முழு ஆர்கெஸ்ட்ராவே வாசித்துக்கொண்டிருந்தது என்பதில் சந்தேகமில்லை. சினிமாப் பின்னணி இசையில் ஊறியவர் அவர்.

ஐந்து வருடம் கழித்து, 2002இல், பக்கத்து நகரமான யோயென்சூவின் ஆர்கெஸ்ட்ரா அவர்களோடு சேர்ந்தது. 2004இல் 'ஒன்ஸ்'. இப்போது வாசித்தவர்கள் லண்டன் கலைஞர்கள். ஆர்கெஸ்ட்ராவுக்கான இசைக்கோப்பைச் செய்தவர் பிப் வில்லியம்ஸ். பின்லாந்திலும் ஜெர்மனியிலும் அந்த ஆல்பம் முதலிடத்துக்கு வந்தது.

மெட்டலோடு ஆர்கெஸ்ட்ராவைச் சேர்ப்பது சுலபமான வேலை இல்லை. கரகரப்பு ஏற்றிய மின்கிடாரின் ஒலி, செல்லோவும் வயோலாவும் உலவும் அதே அலைவரிசையை அடைத்துக்கொள்ளும். இரண்டையும் ஒன்றாக விட்டால் கிடார் விழுங்கிவிடும். எண்பது பேர் வாசித்தும் எட்டுப் பேர்தான் கேட்கும். ஒருவர் பேசும்போது மற்றவர் ஒதுங்கி நிற்கும்படி ஒவ்வொரு நொடியையும் எழுதியாக வேண்டும்.

அதை எப்படிச் செய்தார்கள் என்பதற்கு 'ஒன்ஸ்' ஆல்பத்தில் உள்ள 'கோஸ்ட் லவ் ஸ்கோர்' ஒன்றே போதும். பத்து நிமிடப் பாட்டு. பாதி வழியில் கிடாரும் டிரம்ஸும் விலகிவிடுகின்றன. பாட்டு முடிந்துவிட்டதோ என்று நினைக்கும் அளவுக்கு அடங்குகிறது. பிறகு தந்திகள் மெதுவாக எழுகின்றன, கூட்டுக்குரல் சேர்கிறது, பித்தளை வாத்தியங்கள் சேர்கின்றன. மழைக்கு முன் வானம் கறுப்பதுபோல நெருக்கம் கூடுகிறது. இதற்குமேல் தாங்காது என்ற கணத்தில் கிடாரும் டிரம்ஸும் ஒரே அடியாக இறங்குகின்றன. நூறு தடவைக்குமேல் கேட்டிருப்பேன். அந்த இடம் வரும்போது இன்றும் கை மயிர் நிமிர்கிறது.

அந்தத் தாரியா குழுவில் நீடிக்கவில்லை. 2005 அக்டோபரில், ஹெல்சின்கி கச்சேரி முடிந்த கையோடு, பகிரங்கக் கடிதம் ஒன்றின் மூலம் அவரை நீக்கினார்கள். அடுத்து வந்த அனெட் ஓல்சனும் 2012இல் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின் நடுவில் பிரிந்தார். சியாட்டில் மேடையில் பாட அவசரமாக வந்து சேர்ந்தவர் நெதர்லாந்தின் ஃப்ளோர் யான்சன்.

2013 ஆகஸ்டில் ஜெர்மனியின் வாக்கன் இசைத் திருவிழாவில் அவர் 'கோஸ்ட் லவ் ஸ்கோர்' பாடினார். அப்போது அவர் குழுவின் முறையான உறுப்பினர்கூட இல்லை. உறுப்பினர் ஆனார் என்ற அறிவிப்பு அக்டோபரில்தான் வந்தது. மேடையில் ஆர்கெஸ்ட்ரா கிடையாது, அதன் பதிவு பின்னால் ஓடுகிறது. பல்லவி திரும்பத் திரும்ப வரும் கடைசிப் பகுதியில், ஆல்பத்தின் மெட்டைத் தாண்டி அவர் மேலே ஏறுகிறார். இசைத்தட்டில் ஒரு முழு ஆர்கெஸ்ட்ரா செய்ததை அங்கே ஒரு தொண்டை செய்கிறது.

2004இல் அந்தப் பாட்டை அடைய பெரும்பாலும் சி.டி. வாங்கி, அதற்கு முன்னுள்ள பாட்டுகளையெல்லாம் கேட்டுக்கொண்டே வர வேண்டியிருந்தது. அதற்கு முன்னால் லகோட்டா மொழியும் பழங்குடிப் புல்லாங்குழலும் வரும் பாட்டு ஒன்று, அதற்குப் பின்னால் பின்னிஷ் மொழிப் பாட்டு ஒன்று என்று அந்த ஒரு மணி நேரம் ஒரே பயணமாக இருந்தது. இன்று பெரும்பாலோருக்கு வாக்கன் காணொளிதான் முதல் வாசல். குரல் பயிற்சி தருபவர்கள் அதை முதல்முறை கேட்டு வியப்பதைப் படமெடுத்துப் போடுகிறார்கள். அதைப் பார்த்துப் புதிதாக வருகிறவர்கள் ஏராளம். வந்தவர்களை வரவேற்கிறேன். ஆனால் ஆல்பத்தைக் கேட்காமல் அந்தக் காணொளியோடு நின்றுவிடுகிறவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

குழுவின் பார்வையும் விரிந்திருக்கிறது. காதலும் மரணமும் கனவுமாக இருந்த பாட்டுப்பொருள், 2015இல் பரிணாமத்துக்கு வந்தது. டார்வினின் சொற்களே ஆல்பத்தின் பெயர். ரிச்சர்டு டாக்கின்ஸின் குரல் அதில் ஒலிக்கிறது. கடைசிப் பாட்டு 24 நிமிடம். 2020இல் வந்த இரட்டை ஆல்பத்தின் இரண்டாம் தட்டு முழுக்க ஆர்கெஸ்ட்ராவுக்கே. அதில் எங்கும் மெட்டல் இல்லை. கீபோர்டில் கனவு கண்ட பையன் கடைசியில் அசல் ஆர்கெஸ்ட்ராவைத் தனியே நிறுத்திப் பேசவைத்துவிட்டார். அழகான தட்டு. ஆயினும் எனக்கு அதில் ஒரு குறை உண்டு: மோதல் இல்லை. இந்த இசையின் உயிர் இரும்பும் பட்டும் உரசும் இடத்தில்தான் இருக்கிறது.

இன்று மடிக்கணினி வைத்திருக்கும் எந்தப் பையனும் அசலைப் போன்ற ஆர்கெஸ்ட்ரா ஒலியை வீட்டிலேயே எழுப்பலாம். அதனால் பிரம்மாண்டம் மலிந்துவிட்டது. முதல் நொடி முதல் கடைசி நொடி வரை உச்சத்திலேயே நிற்கும் ஆல்பங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. எங்கே அடங்க வேண்டும் என்பது அவற்றில் பலவற்றுக்குத் தெரியவில்லை. 'ஒன்ஸ்' நிலைப்பதற்குக் காரணம் அந்த அடக்கம்.

கேட்காதவர்கள் 2004 பதிவிலிருந்து தொடங்குங்கள். ஹெட்போன் மாட்டிக்கொண்டு, பத்து நிமிடம் போனைக் கவிழ்த்து வையுங்கள். நடுவில் பாட்டு அடங்கும்போது முடிந்துவிட்டதென்று நிறுத்திவிடாதீர்கள்.