திரையே, உனக்கு என்னென்ன தெரியும்?

நொடிக்கு 30 எழுத்து. 1970-களில் தொலைபேசிக் கம்பி வழியே கணினியோடு பேசிய பலருக்கும் கிடைத்த வேகம் அவ்வளவுதான். திரையில் 24 வரி, வரிக்கு 80 எழுத்து, ஆக மொத்தம் 1,920. அத்தனையையும் ஒருமுறை எழுதி முடிக்க 64 நொடி பிடிக்கும். ஒரேயொரு எழுத்துப்பிழையைத் திருத்தியதற்காகத் திரை முழுவதும் மறுபடி வந்து விழுந்தால், அதுவரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த பில் ஜாய், இப்படிப்பட்ட மெதுவான இணைப்பில் உட்கார்ந்துதான் ‘வி-ஐ’ என்ற எடிட்டரை எழுதினார். மாறிய எழுத்தை மட்டும் அனுப்பினால் நேரம் மிச்சமாகும். அதற்குக் கர்சர் நேரே அந்த இடத்துக்குப் போக வேண்டும். ‘போ’ என்று எப்படிச் சொல்வது? அங்கேதான் சிக்கல் தொடங்கியது.

கர்சரை 5-ஆம் வரி, 10-ஆம் கட்டத்துக்கு அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 1978-இல் வந்த விடி100 டெர்மினலுக்கு, அதாவது கணினியோடு பேசும் திரையும் விசைப்பலகையும் சேர்ந்த கருவிக்கு, எஸ்கேப் குறியை அனுப்பி, பின்னால் ஒரு சதுர அடைப்புக்குறி, 5, அரைப்புள்ளி, 10, கடைசியில் எச் என்ற ஆங்கிலப் பெரிய எழுத்து என்று வரிசையாக அனுப்ப வேண்டும். ஜாய் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ டெர்மினலுக்கு அந்தப் பேச்சே புரியாது. அதற்கு எஸ்கேப், சமக்குறி, ஒரு டாலர் குறி, ஒரு வலது அடைப்புக்குறி என்று நான்கே குறிகள். வரியையும் கட்டத்தையும் பூஜ்யத்திலிருந்து எண்ணி, 32-ஐக் கூட்டி, வரும் எண்ணுக்குரிய குறியை அனுப்புவது அதன் வழக்கம். 4-உம் 32-உம் 36, அது டாலர் குறி. 9-உம் 32-உம் 41, அது வலது அடைப்புக்குறி. வேலை ஒன்றுதான், பாஷை வேறு. சந்தையில் அப்போது இப்படி எத்தனையோ டெர்மினல்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எடிட்டர் எழுத யாராலும் முடியாது.

அந்த ஏடிஎம்-3ஏ விசைப்பலகையில் அம்புக்குறிகள் எச், ஜே, கே, எல் எழுத்துகளின் மேலேயே அச்சிடப்பட்டிருந்தன. வி-ஐ வழிவந்த எடிட்டர்களில் இன்றும் அதே நான்கு விசைகள்தான் கர்சரை நகர்த்துகின்றன. டெர்மினல் போய்விட்டது, விரல்களின் பழக்கம் தங்கிவிட்டது.

பாஷைச் சிக்கலுக்கு ஜாய் 1978-இல் கண்ட வழி ‘டெர்ம்கேப்’. ஒவ்வொரு டெர்மினலுக்கும் என்ன தெரியும், அதை எப்படிக் கேட்க வேண்டும் என்று எழுதிவைத்த ஒரு சாதாரண உரைக்கோப்பு. அதைப் படித்துச் சொல்லச் சில செயற்கூறுகள். ‘டி-கெட்-எண்ட்’ உரிய பதிவைத் தேடி எடுக்கும். ‘டி-கெட்-நம்’ எண்ணைச் சொல்லும்: எத்தனை வரி, எத்தனை கட்டம். ‘டி-கெட்-ஃபிளாக்’ ஆம், இல்லை என்று பதில் தரும்: வரி நிரம்பினால் தானே அடுத்த வரிக்குப் போகுமா? ‘டி-கெட்-ஸ்டர்’ திரையைத் துடைப்பது போன்ற வேலைகளுக்கான குறித்தொடரை எடுத்துக் கொடுக்கும். நிரல் எதையும் தானாக ஊகிப்பதில்லை, கேட்டுத் தெரிந்துகொள்கிறது. புது டெர்மினல் ஒன்று சந்தைக்கு வந்தால் கோப்பில் ஒரு பதிவைச் சேர்த்தால் போதும், எந்த நிரலையும் தொட வேண்டியதில்லை. கணினி உலகின் மிக அழகான யோசனைகளில் இதுவும் ஒன்று.

‘டி-புட்ஸ்’ என்ற செயற்கூறுக்குத் தனிக் கதை உண்டு. குறித்தொடரை டெர்மினலுக்கு அனுப்புவது அதன் வேலை. ஆனால் அந்தக் கால டெர்மினல்களுக்குச் சில கட்டளைகளை முடிக்கக் கொஞ்சம் அவகாசம் தேவைப்பட்டது. விடி100 திரையைத் துடைக்க 50 மில்லிநொடி ஒதுக்க வேண்டும் என்கிறது அதன் பதிவு. அதற்குள் அடுத்த எழுத்து வந்தால் தொலைந்துபோகலாம். அதனால் ‘டி-புட்ஸ்’ இணைப்பின் வேகத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டு, அந்த இடைவெளியை வெற்றுக் குறிகளால் நிரப்பும். 9600 பாட் வேகத்தில் அது 48 வெற்றுக் குறிகள்.

பெர்க்லியிலேயே கென் ஆர்னால்ட், வி-ஐயின் கர்சர் நுட்பத்தை எடுத்து ‘கர்சஸ்’ என்ற நிரலகமாக்கினார். இப்போது திரையில் இருப்பது ஒன்று, இருக்க வேண்டியது ஒன்று என இரண்டு படங்களை அது நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். ‘ரிஃப்ரெஷ்’ என்றதும் இரண்டையும் ஒப்பிட்டு, வேறுபட்ட எழுத்துகளை மட்டும் அனுப்பும். பாதாள அறைகளில் அலைந்து அரக்கர்களோடு மோதும் ‘ரோக்’ விளையாட்டு இதன் மேல்தான் எழுந்தது.

டெர்ம்கேப் கோப்பு வளர வளர அதில் தேடுவதற்கு நேரம் பிடித்தது. 1980-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் மார்க் ஹார்டன் ‘டெர்மின்ஃபோ’வை உருவாக்கினார். டெர்மினலுக்கு ஒரு கோப்பு, அதுவும் முன்கூட்டியே தொகுத்துவைத்த கோப்பு என்பதால் உடனே கிடைக்கும். இன்று லினக்ஸில் ‘என்கர்சஸ்’ நிரலகம் கேட்பது இந்தத் தரவுத்தளத்தைத்தான். நானோ எடிட்டரும் எச்டாப் என்ற கண்காணிப்பு நிரலும் என்கர்சஸை நம்பியே ஓடுகின்றன. இப்போது டெர்மினல் என்பது வெறும் மென்பொருள் சன்னல். ஆனாலும் புதிய சன்னலிலிருந்து பழைய சர்வர் ஒன்றுக்குள் நுழைந்தால், ‘இந்த டெர்மினல் எது என்று தெரியவில்லை’ என்று பிழைச்செய்தி வருவதுண்டு. அந்த சர்வரின் தரவுத்தளத்தில் அந்தப் பெயருக்குப் பதிவு இல்லை என்பதே காரணம்.

தமிழ் எழுதும்போது இன்னொரு சங்கடம் வருகிறது. டெர்மினல் திரை கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்டது. ‘கொ’ யூனிகோடில் இரண்டு குறியீடு. திரையில் ககரத்துக்கு முன்னும் பின்னும் கொம்பும் காலும். அதற்கு எத்தனை கட்டம்? நிரல் ஒன்று என்றும் டெர்மினல் இரண்டு என்றும் எண்ணினால், அந்த வரியில் பின்னால் வரும் எல்லாமே ஒரு கட்டம் தள்ளிப்போகும். அழிக்க நினைத்த எழுத்து இருக்க, பக்கத்து எழுத்து அழியும். இதற்கு டெர்மின்ஃபோவில் பதில் இல்லை.

டெர்மினலையே கேட்கும் வழி ஒன்று உண்டு. முதல் கட்டத்தில் ‘கொ’வை எழுதிவிட்டு, எஸ்கேப், சதுர அடைப்புக்குறி, 6, ‘என்’ என்ற ஆங்கிலச் சிறிய எழுத்து என்று அனுப்பினால், கர்சர் நிற்கும் இடத்தை டெர்மினல் திருப்பிச் சொல்லும். 3-ஆம் கட்டம் என்று பதில் வந்தால், அந்தத் திரை ‘கொ’வுக்கு இரண்டு கட்டம் ஒதுக்கியிருக்கிறது.