வீடு பார்க்க ஆள் வர்றாங்க... துப்பாக்கி எங்கே இருக்கு? லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

வீட்டை விற்பது என்று முடிவானதும் முதலில் நடப்பது போட்டோ செஷன். புரோக்கர் வருவார். ஹால், கிச்சன், பெட்ரூம், மாடி என வரிசையாகப் போனில் எடுப்பார். ஓஎல்எக்ஸ், 99ஏக்கர்ஸ், வாட்ஸ்அப் குரூப், 'வீடு விற்பனைக்கு' யூடியூப் சேனல் என்று அன்று மாலைக்குள் வீட்டின் உள்பக்கம் ஊருக்கே தெரிந்துவிடும். அடுத்த சில நாட்களில் ஆட்கள் வரத் தொடங்குவார்கள். குடும்பமாக வருவார்கள், குழந்தைகளோடு வருவார்கள், சிலர் வாங்கும் எண்ணமே இல்லாமல் சும்மா பார்க்கவும் வருவார்கள்.

நகை, பணம், பத்திரம் எல்லாவற்றையும் முன்கூட்டியே எடுத்துப் பத்திரப்படுத்த யாரும் மறப்பதில்லை. பல வீடுகளில் மறந்துபோவது ஒன்று உண்டு: லைசென்ஸ் துப்பாக்கி.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இது கற்பனைப் பிரச்சினை இல்லை. பத்மநாபபுரம், தக்கலை வட்டாரத்தில் மலையோரத் தோட்டங்கள் உண்டு, முன்னாள் ராணுவத்தினர் குடும்பங்கள் உண்டு, தாத்தா காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கி அப்பா பெயருக்கு மாறி இன்னும் இருக்கும் பழைய ஓட்டு வீடுகளும் உண்டு. பிள்ளைகள் வெளிநாட்டிலோ சென்னை, பெங்களூருவிலோ செட்டில் ஆனதும் அந்த வீடுகள்தான் விற்பனைக்கு வருகின்றன.

பூட்டி வைத்தால் போதாதா?

சாதாரண நாட்களில் போதும். விற்பனைக்கு வந்த வீட்டில் போதாது. காரணம் எளிது. வீடு வாங்க வருபவர் எல்லாவற்றையும் திறந்து பார்ப்பார். அது அவருடைய உரிமை என்றே நினைப்பார், அதில் தவறும் இல்லை. சுவரோடு சேர்ந்த அலமாரி விற்பனையில் அடக்கம் என்றால் அதன் ஆழத்தைப் பார்க்கத்தானே செய்வார்? மச்சில் ஏறி ஓட்டில் ஒழுகல் இருக்கிறதா என்று பார்ப்பார். பழைய வீடென்றால் அரங்கு, பத்தாயம் என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார். "இந்த ரூமை மட்டும் அப்புறம் காட்டுறேன்" என்றால் சந்தேகம்தான் கூடும்.

அதாவது, துப்பாக்கியை ஒளித்து வைக்க நம்மவர்கள் வழக்கமாகத் தேர்ந்தெடுக்கும் எல்லா இடங்களும் வீடு பார்க்க வருபவர் முதலில் பார்க்கும் இடங்கள். பெரியவர்கள் விலை பேசிக்கொண்டிருக்கும்போது கூட வந்த குழந்தை எந்த அறையில் இருக்கிறது என்பதையும் யாரும் கவனிப்பதில்லை.

இன்னொரு ஆபத்து போட்டோவில் இருக்கிறது. சுவரில் மாட்டிய துப்பாக்கி, அதன் தோல் உறை, தோட்டாப் பெட்டி, ஃபிரேம் போட்ட வேட்டைப் படம் என ஏதாவது ஒன்று ஃபிரேமில் விழுந்தாலே 'இந்த வீட்டில் ஆயுதம் இருக்கிறது' என்ற தகவல் முகவரியோடு சேர்ந்து வெளியே போய்விடும். போட்டோவை டெலிட் செய்யலாம், ஃபார்வர்டு ஆனதைத் திரும்ப வாங்க முடியாது.

பத்மநாபபுரம் ஆயுதத்துக்குப் புதிய ஊர் அல்ல. 18-ம் நூற்றாண்டின் இறுதிவரை திருவிதாங்கூரின் தலைநகர் இது. 1741 குளச்சல் போரில் சிறைபிடிக்கப்பட்ட டச்சுத் தளபதி டிலனாய், பக்கத்திலுள்ள உதயகிரிக் கோட்டையில் இருந்துகொண்டு மார்த்தாண்ட வர்மாவின் படைக்குப் பயிற்சி கொடுத்தார். அங்கே பீரங்கி வார்க்கும் பட்டறையும் இருந்தது. இன்று அரண்மனையில் பழைய ஆயுதங்களைப் பார்வையாளர்கள் பார்க்கிறார்கள். ஆனால் அங்கே டிக்கெட் உண்டு, காவலுக்கு ஆள் உண்டு. விற்பனைக்கு வந்த வீட்டில் இரண்டும் கிடையாது.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் துப்பாக்கியைக் கட்டுப்படுத்துவது 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016-ம் ஆண்டின் ஆயுத விதிகளும். மாவட்டங்களில் லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரி கலெக்டர். 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கிகள்தான் வைத்திருக்க முடியும். அதற்கு முன்பு 3 அனுமதிக்கப்பட்டிருந்தது. பரம்பரையாக வந்த துப்பாக்கிக்கும் இந்த உச்சவரம்பு பொருந்தும்.

2016 விதிகளின்படி, லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கும்போதே ஆயுதத்தைப் பாதுகாப்பாக வைத்திருப்பேன் என்று உறுதிமொழி கொடுக்க வேண்டும். வீட்டை விற்கும்போது, வெளியாட்கள் வந்துபோகும்போது என்ன செய்ய வேண்டும் என்று தனியாக ஒரு விதி இல்லை. அதனால் பொறுப்பு இல்லை என்று அர்த்தமாகாது. கொடுத்த உறுதிமொழி அந்த நாட்களுக்கும் சேர்த்துத்தான். லைசென்ஸ் நிபந்தனையை மீறினால் சட்டத்தின் 30-வது பிரிவில் 6 மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும் சேர்த்தே கிடைக்கலாம். துப்பாக்கி தொலைந்தாலோ திருடு போனாலோ உடனே போலீஸுக்குத் தெரிவிப்பதும் லைசென்ஸ் நிபந்தனைகளில் ஒன்று.

"அத்தான் வீட்டுல வச்சிரலாம்லா?"

பெரும்பாலானவர்களுக்கு முதலில் தோன்றும் யோசனை இதுதான். வீடு விற்கும் வரை அண்ணன் வீட்டிலோ அத்தான் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கொடுத்து வைப்பது. நல்லெண்ணத்தில் செய்தாலும் இதுதான் பெரிய சிக்கல்.

லைசென்ஸ் என்பது ஆளுக்குக் கொடுக்கப்படுவது, குடும்பத்துக்கு அல்ல. உங்கள் அத்தானுக்கு அந்தத் துப்பாக்கிக்கான லைசென்ஸ் இல்லையென்றால், அவர் வீட்டு பீரோவில் அது இருக்கும் ஒவ்வொரு நாளும் லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைத்திருந்தவர் ஆகிறார். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்கான தண்டனை 2 முதல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும். ரிப்பேருக்காகவோ லைசென்ஸைப் புதுப்பிக்கவோ லைசென்ஸ்தாரரின் எழுத்துப்பூர்வ அனுமதியோடு வேறொருவர் எடுத்துச் செல்லச் சட்டம் இடம் தருகிறது. மாதக்கணக்கில் வீட்டில் வைத்திருப்பது அந்த விலக்கில் வராது.

கொடுத்தவரும் தப்ப முடியாது. 'வைத்திருத்தல்' என்றால் என்ன என்பதை 1972-ல் குன்வந்த்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஆயுதம் கையில் இருந்தால்தான் வைத்திருப்பதாக அர்த்தம் என்றில்லை. அது இருப்பது தெரிந்து, அதன் மீது கட்டுப்பாடும் இருந்தால், பொருள் வேறு இடத்தில் இருந்தாலும் அது வைத்திருத்தல்தான் என்பது அதன் சாரம்.

வீட்டுச் சாவியைப் புரோக்கரிடம் கொடுத்துவிட்டு வெளியூர் போவதும் இதே வகைதான். வீட்டுக்குள் துப்பாக்கி இருக்கும்போது சாவியை யாரிடம் கொடுத்தாலும் துப்பாக்கியையும் சேர்த்தே கொடுத்ததாகத்தான் ஆகும்.

அப்போ எங்கேதான் வைப்பது?

போட்டோ எடுக்கும் முன்பே துப்பாக்கி வீட்டை விட்டு வெளியே போயிருக்க வேண்டும். அதுதான் நல்ல பதில். அதற்கு இரண்டு வழிகள்:

• உரிமம் பெற்ற ஆயுத வியாபாரி: பாதுகாப்பில் வைக்கும் உரிமமும் உள்ள ஆயுதக் கடைகளில் கட்டணம் கட்டி வைக்கலாம். அந்த உரிமம் கடைக்கு இருக்கிறதா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

• காவல் நிலையம்: பத்மநாபபுரத்துக்காரர்களுக்குத் தக்கலை பக்கம்தான். நேரே துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போய் நிற்காமல், முதல் நாளே போய்ப் பேசி, எழுத்துப்பூர்வமாக விண்ணப்பம் கொடுத்து, எப்போது கொண்டுவரலாம் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

போலீஸ் ஸ்டேஷன் என்றதும் தயங்க வேண்டியதில்லை. தேர்தல் அறிவிப்பு வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஒப்படைப்பது தமிழ்நாட்டில் வழக்கமாக நடப்பதுதான். லைசென்ஸ்தாரர்களுக்கு இது ஏற்கெனவே பழகிய வேலை.

எங்கே வைத்தாலும் ரசீது கட்டாயம். அதில் துப்பாக்கியின் வகை, அதில் பொறித்திருக்கும் நம்பர், தோட்டாக்களின் எண்ணிக்கை, தேதி எல்லாம் இருக்க வேண்டும். கொண்டு போகும்போது தோட்டாவை வெளியே எடுத்து, உறையிலிட்டு, ஒரிஜினல் லைசென்ஸைக் கையில் வைத்திருங்கள்.

சில நாள் வீட்டிலேயே இருந்தாக வேண்டிய நிலை வந்தால்?

ஒப்படைக்கச் சில நாள் தாமதமாகலாம். அந்த நாட்களில் யாரையும் வீடு பார்க்க அழைக்காமல் இருப்பது நல்லது. தவிர்க்கவே முடியாவிட்டால் குறைந்தபட்சம் இவற்றைச் செய்யுங்கள்:

1. துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது. ஆள் இல்லாத திசையில் குழலைத் திருப்பி, விசையில் விரல் படாமல் திறந்து பாருங்கள். மேகசின் உள்ளதென்றால் முதலில் மேகசினைக் கழற்றி, பிறகு சேம்பரையும் பாருங்கள். மேகசினை எடுத்துவிட்டாலும் சேம்பரில் ஒரு தோட்டா இருக்கலாம்.

2. இரட்டைக்குழல் போன்றவற்றைக் குழல் வேறு, கட்டை வேறு என்று பிரித்து வையுங்கள்.

3. துப்பாக்கி ஒரு பூட்டிலும் தோட்டா வேறு இடத்தில் வேறு பூட்டிலும் இருக்கட்டும். துணி பீரோ சேஃப் அல்ல. சுவரிலோ தரையிலோ போல்ட் போட்டு இறுக்கிய ஸ்டீல் பெட்டிதான் சேஃப்.

4. சாவி லைசென்ஸ்தாரரின் உடம்பில் இருக்க வேண்டும். நம்பர் லாக் என்றால் கம்பெனி போட்டுக் கொடுத்த நம்பரை மாற்றிவிடுங்கள்.

5. லைசென்ஸ்தாரர் வீட்டில் இல்லாத நேரத்தில் யாருக்கும் வீட்டைக் காட்ட வேண்டாம். வருபவர்களோடு ஒருவர் கூடவே நடக்க வேண்டும்.

வெளிநாடுகளிலும் இதே அக்கறைதான். பிரிட்டனில் துப்பாக்கி அலமாரிக்கென்றே 'பிஎஸ் 7558' என்ற தரநிர்ணயம் இருக்கிறது. வீட்டைத் திறந்துவைத்து வருகிற எல்லோருக்கும் காட்டும் 'ஓபன் ஹவுஸ்' வழக்கமுள்ள அமெரிக்காவில், நகை, மருந்து மாத்திரைகளோடு துப்பாக்கியையும் அப்புறப்படுத்துங்கள் என்று வீடு விற்பவர்களுக்கு ஏஜென்ட்டுகள் சொல்வது சகஜம்.

ஏர் கன்தானே என்று அசட்டையாக இருப்பவர்களும் உண்டு. 20 ஜூல் ஆற்றலுக்கும் 0.177 அங்குலக் குழல் அளவுக்கும் மிகாத ஏர் கன்னுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்பது உண்மை. ஆனால் கண்ணில் பட்டால் குருடாக்க அதுவே போதும். அதையும் பூட்டித்தான் வைக்க வேண்டும்.

அப்பா இறந்துட்டார், பிள்ளைகள் வெளிநாட்டில்... வீட்டில் துப்பாக்கி இருக்கு

குமரி மாவட்டத்தில் அதிகம் யோசிக்க வேண்டிய சூழல் இதுதான். லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டால், அந்தத் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்க அடுத்தவருக்கு அனுமதி கிடையாது. வைத்திருப்பது சட்டப்படி செல்லாமல் போனால், தேவையற்ற தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது 21-வது பிரிவு. 'வீடு விக்கும்போது பார்த்துக்கலாம்' என்று பூட்டிவிட்டு விமானம் ஏறுவது சரியல்ல.

ஒப்படைத்தால் துப்பாக்கி கைவிட்டுப் போய்விடும் என்ற பயம் வேண்டாம். வாரிசுகளில் ஒருவர் தன் பெயரில் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்க விதிகளில் வழி உண்டு. அப்பா உயிரோடு இருக்கும்போதேகூட, அவருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ 25 ஆண்டுகள் அந்தத் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, வாரிசுக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம். வீட்டை விற்கும் பேச்சு தொடங்கும் முன்பே இதை முடித்துவிட்டால் பாதித் தலைவலி போய்விடும்.

காலி செய்யும்போது மச்சில் யாருக்கும் தெரியாத பழைய துப்பாக்கி கிடைத்தால்? திறந்து பார்க்கவோ விசையை இழுத்துப் பார்க்கவோ வேண்டாம். துருப்பிடித்ததிலும் தோட்டா இருக்கலாம். அறையைப் பூட்டிவிட்டு போலீஸுக்குச் சொல்லுங்கள். 'ஆன்டிக் பீஸ்' என்று போட்டோ எடுத்து விலை கேட்பது வம்பை விலைக்கு வாங்குவது. திரும்பச் சரிசெய்யவே முடியாத, சுட முடியாத பழைய ஆயுதத்துக்குத்தான் சட்டத்தில் விலக்கு. அது அந்த வகையா என்று தீர்மானிப்பது நீங்கள் அல்ல.

பத்திரம் பதிந்ததும் வேலை முடிந்ததா?

இல்லை. லைசென்ஸில் இருப்பது பழைய வீட்டு முகவரி. வீடு மாறினால் 30 நாட்களுக்குள் லைசென்ஸ் அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். பதிவு, பால் காய்ச்சுவது, பள்ளி அட்மிஷன் என்று ஓடும் மாதத்தில் இது மறந்துபோக வாய்ப்பு அதிகம்.

எல்லையோர மாவட்டம் என்பதால் இன்னொன்றும் முக்கியம். வீட்டை விற்றுவிட்டுத் திருவனந்தபுரம் பக்கம் குடிபோகிறவர்கள் லைசென்ஸில் 'செல்லுபடியாகும் பகுதி' என்ற இடத்தைப் படித்துப் பாருங்கள். தமிழ்நாட்டுக்குள் மட்டும் என்றிருந்தால், சாமான் ஏற்றிய லாரியில் துப்பாக்கியையும் போட்டுக்கொண்டு களியக்காவிளையைத் தாண்ட முடியாது. முதலில் நாகர்கோவில் கலெக்டர் அலுவலகத்தில் அனுமதி, பிறகுதான் பயணம்.

சுருக்கமாக...

• விற்க முடிவெடுத்த வாரம்: லைசென்ஸ் காலாவதி தேதி, முகவரி, செல்லுபடியாகும் பகுதி மூன்றையும் பாருங்கள்.
• போட்டோ எடுக்கும் முன்: துப்பாக்கியும் தோட்டாவும் வியாபாரியிடமோ ஸ்டேஷனிலோ. ரசீது உங்களிடம். தோல் உறை, தோட்டாப் பெட்டி, வேட்டைப் படம் சுவரிலிருந்து கீழே.
• ஆட்கள் வரும் நாட்களில்: 'துப்பாக்கி இருந்தது, இப்போ இல்லை' என்றுகூடப் புரோக்கரிடம் சொல்லத் தேவையில்லை.
• சாவி கொடுக்கும் முன்: மச்சு, பத்தாயம், பழைய டிரங்குப் பெட்டி எல்லாவற்றிலும் ஒரு தோட்டாகூட இல்லை என்று நீங்களே பார்த்துவிடுங்கள்.
• குடிபோன பிறகு: 30 நாளுக்குள் முகவரி மாற்றத்தைத் தெரிவித்துவிட்டு, புது வீட்டில் சேஃப் போல்ட் போட்ட பின் துப்பாக்கியைத் திரும்ப வாங்குங்கள்.