2 மீற்றர் இடைவெளியில் செய்ய முடியாத தொழில்: கனடாவின் மசாஜ் சிகிச்சையாளர்கள் எவ்வாறு வேலைக்குத் திரும்பினார்கள்?

கொரோனா காலத்தில் உலகம் முழுவதும் ஒரே அறிவுரைதான் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. 2 மீற்றர் தள்ளி நில்லுங்கள், யாரையும் தொடாதீர்கள், மூடிய அறைக்குள் அந்நியருடன் நீண்ட நேரம் இருக்காதீர்கள். அலுவலகத்தில் வேலை செய்தவர்கள் கணினியை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். உணவகங்கள் பொதி செய்த உணவை வாசலில் வைத்துக் கொடுத்தன. ஆனால் அந்த மூன்று அறிவுரைகளையும் ஒன்றாக மீறினால்தான் செய்யக்கூடிய தொழில் ஒன்று உண்டு. அதுதான் மசாஜ் சிகிச்சை. ஒரு சிறிய அறை, பூட்டிய கதவு, ஒரு மணித்தியாலம், கட்டிலில் படுத்திருக்கும் ஒருவரின் உடம்பில் இன்னொருவரின் கைகள்.

இந்தத் தொழிலைச் செய்பவர்கள் கனடாவில் 2020ஆம் ஆண்டு மே மாதத்திலேயே வேலைக்குத் திரும்பத் தொடங்கினார்கள். ஒன்ராறியோவில் சலூன்களும் ஸ்பாக்களும் இன்னும் பூட்டியிருந்த நேரம் அது. இது எப்படி அனுமதிக்கப்பட்டது? அதற்கு அவர்கள் கொடுத்த விலை என்ன? ரொறன்ரோவிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் வாழும் எம்மவர்களில் பலர் நாரிப்பிடிப்புக்கும் கழுத்து வலிக்கும் இந்தச் சிகிச்சையை நாடுகிறார்கள். எனவே இது எமக்குத் தூரத்துக் கதை அல்ல.

மசாஜ் என்றால் ஸ்பா மட்டுமல்ல

மசாஜ் என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் ஊரில் பலருடைய மனதில் வருவது உல்லாச விடுதிகளில் உள்ள ஸ்பாக்கள்தான். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் நிலைமை வேறு. அங்கு மசாஜ் சிகிச்சை 1919ஆம் ஆண்டிலிருந்தே சட்டத்தால் ஒழுங்குபடுத்தப்பட்டு வருகிறது. இன்று அது 1991ஆம் ஆண்டின் மசாஜ் சிகிச்சைச் சட்டத்தின் கீழ், தாதியர், பிசியோதெரபிஸ்ட், பல் வைத்தியர் போன்றோருடன் ஒரே வரிசையில் வைக்கப்பட்ட ஒரு சுகாதாரத் தொழில்.

பதிவுபெற்ற மசாஜ் சிகிச்சையாளர் என்று ஒருவர் தன்னை அழைத்துக்கொள்ள வேண்டுமானால், அங்கீகரிக்கப்பட்ட கற்கையை முடித்து, எழுத்துப் பரீட்சையிலும் செய்முறைப் பரீட்சையிலும் சித்தியடைந்து, ஒன்ராறியோ மசாஜ் சிகிச்சையாளர் கல்லூரியில் பதிவு செய்திருக்க வேண்டும். ‘கல்லூரி’ என்றாலும் அது பாடம் நடத்தும் இடம் அல்ல. பதிவு வழங்குவது, முறைப்பாடுகளை விசாரிப்பது, தவறு செய்தவரின் பதிவைப் பறிப்பது ஆகியவையே அதன் வேலை. அதாவது மக்களைப் பாதுகாப்பதற்கான அமைப்பு. பதிவில்லாதவர் அந்தப் பட்டத்தைப் பாவித்தால் அது சட்டப்படி குற்றம்.

வேலைத்தலம் வழங்கும் சுகாதாரக் காப்புறுதிகள் பலவற்றில் இந்தச் சிகிச்சைக்கு இடம் உண்டு. தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்று வேலை செய்பவர், பாரவூர்தி ஓட்டுபவர், முதியோர் இல்லத்தில் நோயாளரைத் தூக்கிக் கிடத்துபவர் என்று பலர் இதை நாடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கதவு மூடிய விதம், திறந்த விதம்

2020 மார்ச் 17ஆம் திகதி ஒன்ராறியோவில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. இரண்டு நாள் கழித்து, மாகாணத்தின் பிரதம சுகாதார மருத்துவ அதிகாரியாக இருந்த வைத்தியர் டேவிட் வில்லியம்ஸ் ‘பணிப்புரை இலக்கம் 2’ஐ வெளியிட்டார். அத்தியாவசியமற்ற சிகிச்சைகளைச் சுகாதாரத் தொழிலாளர்கள் நிறுத்த வேண்டும் அல்லது குறைக்க வேண்டும் என்பதே அதன் சாரம். மசாஜ் சிகிச்சையாளர்களின் கதவுகள் அத்துடன் மூடின.

மே 26ஆம் திகதி அந்தப் பணிப்புரை திருத்தப்பட்டது. பிற்போடப்பட்ட சிகிச்சைகளைப் படிப்படியாக ஆரம்பிக்கலாம் என்றது புதிய உத்தரவு. எந்தத் திகதியில், எந்த வேகத்தில், எந்த நோயாளருடன் தொடங்குவது என்ற முடிவு பெருமளவில் சிகிச்சையாளரின் கையில் விடப்பட்டது. அந்த நோயாளருக்கு நேரில் கிடைக்கும் நன்மை தொற்று ஆபத்தை விடப் பெரிதா என்பதை அவரே எடைபோட வேண்டும். தொலைபேசியிலோ காணொளியிலோ சொல்லிக்கொடுக்கக்கூடிய உடற்பயிற்சி போதும் என்றால் அதைத்தான் செய்ய வேண்டும்.

ஒன்ராறியோவில் ஸ்பாக்களும் சலூன்களும் ‘தனிப்பட்ட பராமரிப்புச் சேவைகள்’ என்ற இன்னொரு பட்டியலில் இருந்தன. அவை ஜூன் 12 முதல் பகுதி பகுதியாகவே திறந்தன. ரொறன்ரோவில் ஜூன் 24 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டாவது அலையின்போது இந்த வித்தியாசம் இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. 2020 நவம்பர் 23ஆம் திகதி ரொறன்ரோவும் பீல் பிராந்தியமும் முடக்கத்துக்குள் போனபோது சலூன்களும் ஸ்பாக்களும் மீண்டும் மூடப்பட்டன. பதிவுபெற்ற மசாஜ் சிகிச்சையாளர்கள் தொடர்ந்து வேலை செய்தார்கள்.

மற்ற மாகாணங்களைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். மசாஜ் சட்டத்தால் ஒழுங்குபடுத்தப்பட்ட பிரிட்டிஷ் கொலம்பியாவில் மே 19ஆம் திகதி தொடங்கிய இரண்டாம் கட்டத்திலேயே அவர்கள் திரும்பினார்கள். அல்பேர்ட்டாவில் பிசியோதெரபி, பல் வைத்தியம் போன்ற சேவைகளுக்கு மே 4 முதல் அனுமதி கிடைத்தது. ஆனால் அங்கு மசாஜ் சட்டத்தால் ஒழுங்குபடுத்தப்பட்ட தொழில் அல்ல. அதனால் ஜூன் 12 வரை அது காத்திருந்தது. கைகள் செய்யும் வேலை ஒன்றுதான். அந்தக் கைகளுக்குப் பின்னால் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஓர் அமைப்பு இருக்கிறதா என்பதே திகதியைத் தீர்மானித்ததில் பெரும் பங்கு வகித்தது.

ஒரு மணித்தியாலத்துக்குப் பின்னால் இருந்த வேலை

திரும்பி வந்தவர்கள் விட்டுப்போன இடத்திலிருந்து தொடங்கவில்லை. ஒரு நோயாளர் வருவதற்கு முன்பே வேலை ஆரம்பித்துவிடும். முதலில் தொலைபேசியில் கேள்விகள்: காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் உண்டா? வெளிநாடு போய்வந்தீர்களா? தொற்று உள்ளவருடன் பழகினீர்களா? வாசலில் அதே கேள்விகள் மறுபடியும். காத்திருக்கும் அறையில் கதிரைகள் குறைக்கப்பட்டன, சஞ்சிகைகள் அகற்றப்பட்டன. பலர் தங்கள் வாகனத்துக்குள்ளேயே அழைப்பு வரும்வரை இருந்தார்கள்.

உள்ளே சிகிச்சையாளருக்கும் நோயாளருக்கும் முகக்கவசம். இங்கேதான் இந்தத் தொழிலுக்கே உரிய ஒரு சிக்கல் வந்தது. முதுகுக்குச் சிகிச்சை பெறுபவர் குப்புறப் படுத்து, கட்டிலின் முனையில் உள்ள வளையத்துக்குள் முகத்தை வைத்திருப்பார். முகக்கவசத்துடன் அப்படி ஒரு மணித்தியாலம் படுத்திருப்பது பலருக்கு மூச்சு முட்டுவது போல இருந்தது. அதனால் சிலர் நோயாளரை ஒருக்களித்துப் படுக்க வைத்து வேலை செய்யப் பழகினார்கள். சிலர் சிகிச்சை நேரத்தைக் குறைத்தார்கள்.

நோயாளர் போன பிறகு விரிப்பு, துவாய், தலையணை உறை எல்லாம் மூடிய கூடைக்குள் போகும். கட்டில், கதவுப்பிடி, எண்ணெய்ப் போத்தல், கதிரை ஆகியவை கனேடிய சுகாதாரத் திணைக்களம் அங்கீகரித்த தொற்றுநீக்கியால் துடைக்கப்படும். அந்தத் தொற்றுநீக்கி வேலை செய்வதற்கு மேற்பரப்பு சில நிமிடங்கள் ஈரமாகவே இருக்க வேண்டும். உடனே துடைத்து உலர்த்தினால் பயன் இல்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒவ்வொரு வேலைத்தலமும் தன் பாதுகாப்புத் திட்டத்தை எழுதி, எல்லோருக்கும் தெரியும்படி ஒட்ட வேண்டும் என்ற விதியும் இருந்தது.

யார், எப்போது வந்தார் என்ற பதிவேடு மட்டும் இவர்களுக்குப் புதிதாக இருக்கவில்லை. நோயாளரின் மருத்துவக் குறிப்புகளைக் குறைந்தது 10 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது ஒன்ராறியோவில் ஏற்கனவே இருந்த விதி. ஒருவருக்குத் தொற்று உறுதியானால் அன்று வந்தவர்களைக் கண்டுபிடிக்க அந்தப் பழக்கம் உதவியது.

இன்னொரு கேள்வியும் சேர்ந்தது: உங்களுக்குக் கொரோனா வந்து சுகமானதா? நுரையீரலை மட்டுமல்ல, இரத்தம் உறையும் தன்மையையும் கொரோனா பாதிக்கிறது என்பது 2020இலேயே தெரியவந்தது. காலில் ஆழமான நாளத்தில் இரத்தக்கட்டி இருப்பவருக்கு அந்த இடத்தை அழுத்தி உருவினால், கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போய் உயிருக்கே ஆபத்தாகலாம். ஒரு காலில் மட்டும் வீக்கம், வெப்பம், வலி இருந்தால் கையை எடுத்துவிட்டு வைத்தியரிடம் அனுப்பத் தெரிய வேண்டும். எப்போது தொடக்கூடாது என்று தெரிந்திருப்பதும் பயிற்சியின் பகுதிதான்.

கணக்குப் பார்த்தால்

இவ்வளவுக்கும் செலவு செய்தவர் யார்? பெரும்பாலும் சிகிச்சையாளரே. பலர் சுயதொழில் செய்பவர்கள். மாதச் சம்பளம் கிடையாது. முகக்கவசமும் தொற்றுநீக்கியும் தங்கள் வழமையான விநியோகஸ்தரிடம் தாங்களே வாங்கிக்கொள்ள வேண்டும் என்றுதான் மாகாணம் சொன்னது. தட்டுப்பாடான காலம் என்பதால் விலையும் ஏறியிருந்தது.

நேரத்துக்கும் விலை உண்டு. எட்டு மணித்தியாலம் வேலை செய்யும் ஒருவர், ஒவ்வொரு மணித்தியாலச் சிகிச்சைக்குப் பிறகும் 10 நிமிடம் எடுத்தால் ஒரு நாளில் ஆறு பேரைப் பார்க்கலாம். சுத்தம் செய்யவும் காற்றோட்டத்துக்கும் 30 நிமிடம் தேவைப்பட்டால் ஐந்து பேர்தான். யாரும் வரத் தயங்காவிட்டாலும் வருமானத்தில் ஆறில் ஒரு பங்கு அப்படியே போய்விடும். வாடகை குறையாது.

இதற்குள் இன்னொரு இக்கட்டும் இருந்தது. வேலை இழந்தவர்களுக்கு மத்திய அரசு நான்கு கிழமைக்கு 2,000 டொலர் அவசரகால உதவி வழங்கியது. ஆனால் அந்த நான்கு கிழமையில் 1,000 டொலருக்கு மேல் உழைத்தால் அந்த உதவிக்குத் தகுதி இல்லை. கிழமைக்கு நாலைந்து நோயாளருடன் மெதுவாகத் தொடங்கிய ஒருவர், உதவியை இழந்து, முழு வருமானமும் இல்லாமல் நடுவில் நிற்க நேர்ந்தது. வீட்டில் வயதான பெற்றோர் இருந்தவர்களுக்கு வேலைக்குத் திரும்புவது பணக் கணக்கு மட்டுமாகவும் இருக்கவில்லை. அனுமதி கிடைத்த நாளும் ஆளாளுக்கு வேலைக்குத் திரும்பிய நாளும் ஒன்றாக இல்லாததற்கு இவையே காரணங்கள்.

விதிகள் எதைச் சரியாகப் பிடித்தன, எதைத் தவறவிட்டன?

முகக்கவசம் உண்மையில் உதவியதா? இதற்கு ஒரு நல்ல சான்று அமெரிக்காவின் மிசூரி மாநிலத்திலிருந்து வந்தது. 2020 மே மாதம் ஸ்பிரிங்பீல்ட் நகரில் இரண்டு சிகை அலங்காரக் கலைஞர்கள் தொற்று அறிகுறிகளுடனேயே 139 பேருக்குச் சேவை செய்திருந்தார்கள். முகக்கவசம் அணிவது அங்கு கட்டாயமாக இருந்தது. பின்னர் அவர்களில் 67 பேர் பரிசோதனைக்கு முன்வந்தார்கள். ஒருவருக்கும் தொற்று இல்லை. மற்றவர்களிடமும் அறிகுறிகள் பதிவாகவில்லை. ஆனால் தலைமுடி வெட்ட எடுக்கும் நேரம் பெரும்பாலும் மசாஜ் சிகிச்சைக்கு எடுப்பதை விடக் குறைவு என்பதையும் மறக்கக்கூடாது.

மேற்பரப்புகளைத் துடைத்துத் துடைத்துக் கைகள் வெடித்ததற்கு அவ்வளவு பயன் இருந்ததா என்பது வேறு கேள்வி. தொற்றுள்ள மேற்பரப்பு ஒன்றைத் தொடுவதால் நோய் வரும் வாய்ப்பு பொதுவாக 10,000இல் ஒன்றை விடக் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் தெரிவித்தது. அதே ஏப்ரல் இறுதியில் உலக சுகாதார ஸ்தாபனம், இந்த வைரஸ் மூடிய, காற்றோட்டமற்ற இடங்களில் காற்றின் ஊடாகவும் பரவக்கூடும் என்று தன் இணையப் பக்கத்தில் தெளிவாக எழுதியது. மசாஜ் அறைகளோ பெரும்பாலும் சிறியவை. பலவற்றில் யன்னலே இல்லை. முதல் வருடத்தில் கட்டிலுக்கும் கதவுப்பிடிக்கும் கிடைத்த கவனத்தில் ஒரு பகுதி காற்றுக்குக் கிடைத்திருந்தால் பலன் கூடியிருக்கும். இதற்குச் சிகிச்சையாளர்களைக் குறை சொல்ல முடியாது. அன்று கொடுக்கப்பட்ட அறிவுரையை அவர்கள் பின்பற்றினார்கள்.

எஞ்சும் பாடம்

ஸ்பாக்களில் அதே போன்ற வேலை செய்தவர்கள் பூட்டிய கதவுக்கு வெளியே நின்றபோது, பதிவுபெற்றவர்கள் உள்ளே போனார்கள். இது முழுமையான நீதி என்று சொல்ல முடியாது. வைரஸுக்குப் பதிவு இலக்கம் தெரியாது. ஆனாலும் அந்த வித்தியாசத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. விதியை மீறினால் கேட்க ஓர் அமைப்பு, தேடினால் கிடைக்கும் பதிவேடு, தொடக்கூடாத நோயாளரை இனங்காணும் பயிற்சி ஆகிய மூன்றும் இருந்ததால்தான் ஓர் அரசு, முடிவைத் தொழிலாளரின் கையில் விடத் துணிந்தது.

அந்த நம்பிக்கை காகிதத்தில் வந்த அளவுக்குப் பணமாக வரவில்லை. பொறுப்பு சிகிச்சையாளருடையது, முகக்கவசச் செலவும் அவருடையது, குறைந்த வருமானமும் அவருடையது என்றே அது முடிந்தது. இன்னொரு தொற்று வந்தால் திருத்த வேண்டிய இடம் அதுதான். நீங்கள் அங்கு சிகிச்சைக்குப் போகிறவரானால், சிகிச்சையாளரின் பெயர் கல்லூரியின் பொதுப் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். காய்ச்சல், இருமல் இருந்தால் நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு காலில் மட்டும் வீக்கம் இருந்தால் அவர் கேட்கும் வரை காத்திராமல் நீங்களே சொல்லிவிடுங்கள்.