மீட்டர் காட்டும் மணியும் எஞ்சின் உழைத்த மணியும்

உழவு மாடு வாங்கச் சந்தைக்குச் செல்லும் விவசாயி, தரகர் எவ்வளவு புகழ்ந்தபோதிலும், மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்க்காமல் முன்பணம் கொடுப்பதில்லை. அதே விவசாயி பழைய டிராக்டர் வாங்கச் செல்லும்போது, மீட்டரில் தெரியும் எண்ணையும் தரகரின் வாய்ச்சொல்லையும் நம்பி லட்சக்கணக்கில் பணத்தைக் கொடுத்துவிடுகிறார். இதனால் விளையும் நஷ்டத்தைச் சங்கங்களைப் பார்வையிடச் செல்லும்போது நாம் நேரில் காண்கிறோம். ஆகவே இவ்விஷயத்தைச் சற்று விளக்க விரும்புகிறோம்.

நமது சரகத்தைச் சேர்ந்த அங்கத்தினர் ஒருவர், நகையை அடகு வைத்தும், கறவை மாடுகள் இரண்டை விற்றும், பத்து வருஷத்து டிராக்டர் ஒன்றை வாங்கினார். மீட்டர் 2,300 மணி காட்டிற்று. "வீட்டு வண்டி, சொந்த நிலத்தில் மட்டுமே ஓடியது" என்றார் தரகர். சம்பா நடவுக்குச் சேற்றுழவு தொடங்கிய ஒன்பதாம் நாள் எஞ்சின் நீலப் புகை கக்கிற்று. பட்டறையில் பிரித்துப் பார்த்தபோது சிலிண்டர் லைனர்கள் தேய்ந்திருந்தன. எஞ்சின் முன்பே ஒரு முறை பிரிக்கப்பட்ட அடையாளமும் தெரிந்தது. விசாரித்ததில், அந்த வண்டி வருஷக்கணக்கில் வாடகைக்கு உழைத்தது என்று தெரியவந்தது. விற்றவரைக் கேட்டால், "மணியைப்பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லையே" என்றார். தரகரைக் கேட்டால், "மீட்டர் காட்டியதைத்தானே சொன்னேன்" என்றார். எழுத்தில் ஒரு வரிகூட இல்லை. பருவமும் தவறிற்று, வட்டியும் ஏறிற்று.

காரும் லாரியும் எத்தனை கிலோமீட்டர் ஓடின என்று கேட்கிறோம். டிராக்டரோ நின்ற இடத்திலேயே கதிரடிக்கும், பம்பை இயக்கும். எனவே அதன் வயதை எஞ்சின் ஓடிய மணியைக்கொண்டே கணிக்க வேண்டும். அதைக் காட்டுவதே ஹவர் மீட்டர். எஞ்சின் ஆயில் மாற்றுவது முதலிய பராமரிப்புக் காலங்கள் யாவும் இம்மணிக் கணக்கிலேயே குறிக்கப்படுகின்றன.

ஆனால் மீட்டரும் பிழை செய்யும். பழைய வகை மீட்டர், எஞ்சினிலிருந்து வரும் ஒரு கேபிளின் சுழற்சியால் இயங்குவது. எஞ்சின் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் ஓடும்போது மட்டுமே அதன் ஒரு மணி கடிகாரத்தின் ஒரு மணிக்குச் சமம். மெதுவாக ஓடினால் எண் குறைவாகவே ஏறும். கேபிள் அறுந்தால் எண் நின்றுவிடும், எஞ்சின் நிற்காது. மீட்டரைப் புதிதாக மாற்றினால் கணக்கு மீண்டும் தொடக்கத்திலிருந்து ஏறும். மின்சார வகை மீட்டரையும் கழற்றி மாற்ற முடியும். ஆகையால், குறைந்த எண்ணைக் கண்டவுடன் மோசடி என்று பழிப்பதும் தவறு. அதை அப்படியே நம்புவதும் தவறு.

முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பத்து வருஷத்தில் 2,300 மணி என்றால் வருஷத்துக்கு 230 மணி. நாளொன்றுக்கு 8 மணி வீதம், வருஷத்தில் 29 நாள்கூட உழைக்காத வண்டி என்று பொருள். சிறு நிலத்துக்காரரிடம் அது நடக்கக்கூடியதே. வாடகை வண்டியில் நம்பத்தக்கதன்று.

பிறகு மற்றச் சாட்சிகளை விசாரிக்க வேண்டும். கிளட்ச், பிரேக் மிதிகள் வழவழப்பாகத் தேய்ந்துள்ளனவா, பி.டி.ஓ. தண்டின் பற்கள் மழுங்கியுள்ளனவா, கலப்பை மாட்டும் துளைகள் அகன்று நீண்டுள்ளனவா என்று பார்க்கலாம். எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் நம் முன்னிலையிலேயே கிளப்பச் சொல்ல வேண்டும். முன்கூட்டியே சூடேற்றி வைத்த எஞ்சின் தன் குறையை மறைத்துவிடும். சர்வீஸ் புத்தகத்தில் தேதியும் மணியும் ஒழுங்காக ஏறிவருகின்றனவா என்றும் நோக்குக. உடன் அழைத்துச் செல்லும் மெக்கானிக் நம்முடையவராக இருத்தல் வேண்டும்; தரகர் காட்டுபவராக இருத்தல் கூடாது.

சட்டம் துணை செய்யாதா எனில், செய்யும். ஆனால் விழிப்பாக இருப்பவருக்கே எளிதில் செய்யும். 1872ஆம் வருஷத்திய இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, மோசடியாலோ தவறான கூற்றாலோ பெறப்பட்ட சம்மதத்தை, ஏமாந்தவர் தள்ளுபடி செய்யலாம். விற்பவரின் ஏஜெண்டாகத் தரகர் அவ்வேலையில் சொன்ன பொய், விற்றவரே சொன்னதற்கு ஒப்பாகும் என்கிறது 238ஆம் பிரிவு. ஆனால் அறிந்தே பொய் சொன்னார் என்பதை மெய்ப்பிப்பது கடினம். அதை மெய்ப்பிக்க முடியாதபோது, "சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்குமே" என்னும் எதிர்வாதத்துக்கு அதே 19ஆம் பிரிவு இடமளிக்கிறது. மேற்சொன்ன அங்கத்தினர் தடுமாறியது இவ்விடத்திலேதான்.

ஆதலால் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஒரு கிரய ஒப்பந்தம் எழுதிக்கொள்க. அதில் சேஸிஸ் எண், எஞ்சின் எண், அன்று மீட்டர் காட்டும் மணி, மீட்டர் எப்போதேனும் பழுதானதா அல்லது மாற்றப்பட்டதா, வண்டி வாடகைக்கு ஓடியதா, எஞ்சின் பிரிக்கப்பட்டதா என்பவை தெளிவாக இருக்க வேண்டும். விற்பவரும் தரகரும் கையொப்பமிட வேண்டும். தரகர் யாரிடம் கமிஷன் பெறுகிறார் என்பதையும் எழுதுக. உண்மை சொல்பவர் கையொப்பமிடத் தயங்கமாட்டார். தயங்கினால், அத்தயக்கத்தையே விடையாகக் கொள்ளலாம்.

பணத்தை வங்கி மூலம் செலுத்துக. வண்டியின்மேல் கடன் இருந்தால், கடன் கொடுத்தவரின் ஆட்சேபணை இன்மைச் சான்று பெறுக. ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்ற 29, 30ஆம் படிவங்களைத் தாமதமின்றித் தாக்கல் செய்க. பழைய ஜெனரேட்டர் வாங்கும் நெசவாள அன்பர்களுக்கும் ஹவர் மீட்டரைப்பற்றிச் சொன்னவை பொருந்தும்.

இவை தனி ஒருவருக்குச் சிரமமாகத் தோன்றலாம், சங்கத்துக்குச் சிரமமன்று. நம்பகமான மெக்கானிக் ஒருவரைச் சங்கம் ஏற்பாடு செய்துகொண்டு, அவருக்குரிய கூலியை வாங்குபவர் கொடுக்கலாம். ஒப்பந்த மாதிரி ஒன்றையும் அலுவலகத்தில் வைத்திருக்கலாம். முன்பணம் கொடுப்பதற்கு முந்திய நாள் சங்கக் காரியதரிசியைக் கண்டு அதைப் படித்துப் பார்க்குமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.