கணித நுழைவுப் பரீட்சையில் மதிப்பெண்ணை முன்கூட்டி மதிப்பிடுதல்

பொறியியற் கல்லூரிகளிற் சேர விரும்பும் மாணாக்கருக்காக ஜே.இ.இ. மெயின் பரீட்சையைத் தேசியத் தேர்வு முகமை 2019ஆம் ஆண்டு முதல் நடத்தி வருகிறது. பரீட்சை முடிந்த அன்று மாலையே, தமக்கு எத்தனை மதிப்பெண் கிடைக்கும் என்று வினவி மாணாக்கர் ஆசிரியரை நாடுகின்றனர். மதிப்பீடு பிழைபட்டால் சிலர் வீண் நம்பிக்கை கொண்டு அடுத்த கட்டப் பரீட்சைக்குரிய பயிற்சியைக் கைவிடுவர். சிலர் காரணமின்றி மனந்தளர்வர். ஆகவே மதிப்பிடும் முறையை ஆசிரியர்கள் அறிந்திருத்தல் அவசியமாகும்.

மதிப்பெண் கணக்கு

2025ஆம் ஆண்டு முறைப்படி கணிதப் பகுதியில் 25 வினாக்கள் உள்ளன. அவற்றுள் 20 வினாக்களுக்கு நான்கு விடைகள் கொடுக்கப்பட்டு, ஒன்றைத் தெரிவு செய்தல் வேண்டும். 5 வினாக்களுக்கு விடையை எண்ணாகவே தருதல் வேண்டும். சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழிவு. விடையளிக்காத வினாவுக்குக் கழிவில்லை.

மாணாக்கர் தாம் எழுதியவற்றை உறுதியானவை, ஐயமுள்ளவை, குருட்டூகம் என மூன்றாகப் பிரித்துக்கொள்ளல் நலம். உதாரணமாக, ஒருவர் 12 வினாக்களை உறுதியாகவும், 6 வினாக்களை இரண்டு விடைகளுக்கிடையே ஐயத்துடனும், 3 வினாக்களை வெறும் ஊகத்தாலும் எழுதி, 4 வினாக்களை விட்டுவிட்டார் எனக் கொள்வோம். உறுதி என எண்ணியவையும் யாவும் சரியாக இரா. பயிற்சித் தேர்வுகளில் அவர் உறுதி எனக் குறித்தவற்றுள் பத்துக்கு ஒன்பதே சரியாயிருந்தால், அத்தகைய வினா ஒன்றுக்குச் சராசரி 3.5 மதிப்பெண்ணே கிடைக்கும். ஐயமுள்ள வினாவுக்கு 1.5, நான்கில் ஒன்றை ஊகித்ததற்கு 0.25.

இவ்வாறு 42, 9, 0.75 ஆகியவற்றைக் கூட்ட, ஏறத்தாழ 52 வருகிறது. உறுதியும் ஐயமுமான 18 வினாக்களும் சரியென எண்ணியிருந்தால் 72 என்று கணக்கிட்டிருப்பார். 52 என்பதும் சராசரியே. பத்து மதிப்பெண் வரை கூடவோ குறையவோ செய்தல் இயல்பு.

விடைப் பதிவும் தற்காலிக விடைக்குறிப்பும் வெளியானபின் ஊகத்திற்கு இடமில்லை. வினாவாரியாக ஒப்பிட்டு எண்ணிவிடலாம். எனினும் இறுதி விடைக்குறிப்பில் சில மாற்றங்கள் நேரலாம்.

நூற்றுமானம்

முடிவில் அறிவிக்கப்படுவது இம்மதிப்பெண் அன்று. பெர்சன்டைல் எனப்படும் நூற்றுமானமே. இது விழுக்காட்டினின்றும் வேறானது. ஒரே வேளையில் எழுதியோருள் எத்தனை பேர் ஒருவரது மதிப்பெண்ணையோ அதற்குக் குறைவாகவோ பெற்றனர் என்பதை நூற்றுக்குக் கணக்கிட்டுக் காண்பதாகும். 50,000 பேருள் அவ்வாறு 47,500 பேர் இருப்பின் நூற்றுமானம் 95. வினாத்தாள் கடினமான வேளையில் குறைந்த மதிப்பெண்ணுக்கும் உயர்ந்த நூற்றுமானம் கிட்டும். எனவே முந்தைய ஆண்டுகளின் அட்டவணைகளைக் கொண்டு நூற்றுமானத்தைத் திட்டமாகக் கூற இயலாது. மேலும், மொத்த நூற்றுமானம் மூன்று பாடங்களின் மொத்த மதிப்பெண்ணைக் கொண்டே கணிக்கப்படுகிறது. பாடவாரி நூற்றுமானங்களின் சராசரி அன்று.

ஆசிரியர் கவனிக்க வேண்டியது

ஒரே எண்ணைக் கூறாது, கீழெல்லை, மேலெல்லை இரண்டையும் மாணாக்கருக்குக் கூறுதல் நன்று. இரண்டு கட்டங்களிலும் எழுதுவோருக்கு அவற்றுள் சிறந்ததே தரவரிசைக்கு எடுத்துக்கொள்ளப்படும். மறுமுறை எழுதுவதால் இழப்பில்லை. ஆகவே மதிப்பீடு எவ்வாறாயினும் பயிற்சியை நிறுத்தாதிருக்கச் செய்தல் ஆசிரியரின் கடமையாகும்.