பால் பத்தலையா?

பேட்டையில் பிள்ளை பிறந்த வீட்டுக்குப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது ஆணா பொண்ணா என்று. அடுத்தது, "பால் இருக்கா, பத்துதா?" பெற்று நாலு நாள்கூட ஆகாத பெண்ணிடம் மாமியும் பெரியம்மாவும் அடுத்த வீட்டு அக்காவும் மாறி மாறி இதையே கேட்டால், ஐந்தாம் நாள் அவளுக்கே சந்தேகம் வந்துவிடும். ஆறாம் நாள் வீட்டில் பால்மாவு டப்பா இருக்கும்.

அந்த டப்பா எப்படி உள்ளே வருகிறது என்று கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை, மென்பொருள் எழுதுகிற ஆள். ஆனால் பால் சுரக்கும் விதம் எங்கள் தொழிலில் தினமும் பார்க்கிற சங்கதிதான். கேட்கக் கேட்க வரும், கேட்காவிட்டால் உற்பத்தி குறைந்துவிடும்.

பிள்ளை சப்பும்போது நரம்பு வழியாக மூளைக்குச் செய்தி போகிறது. அங்கிருந்து இரண்டு ஹார்மோன்கள் வருகின்றன. புரோலாக்டின் பாலைத் தயாரிக்கச் சொல்லும், ஆக்ஸிடோசின் தயாரான பாலை வெளியே தள்ளும். வலி, பயம், பதற்றம் எல்லாம் இந்த இரண்டாவதைத்தான் முதலில் தடுக்கும். பால் இருந்தும் இறங்காமல் நிற்பது இதனால்தான். முதல் சில நாட்கள் கழிந்ததும் இன்னொரு கட்டுப்பாடும் சேர்ந்துகொள்கிறது. மார்பில் பால் தங்கி நின்றால் அந்த மார்பில் சுரப்பு மந்தமாகும், காலியானால் வேகம் பிடிக்கும். வயல் நிறைந்ததும் மடையை அடைக்கிறோமே, அந்தக் கதைதான்.

இப்போது டப்பாவுக்கு வருவோம். ராத்திரி பிள்ளை அழுகிறது, ஒரு பாட்டில் மாவுப்பால் கொடுக்கிறார்கள், மூணு மணி நேரம் தூங்குகிறது. "பாத்தியா, இவ்வளவு நேரம் பசிதான் புள்ளைக்கு" என்று தீர்ப்பாகிவிடும். அந்த மூணு மணி நேரத்தில் மார்பு காலியாகவில்லை. மறுநாள் சுரப்பு கொஞ்சம் குறைகிறது, பிள்ளை இன்னும் அழுகிறது, இன்னொரு பாட்டில். பத்து நாளில் "பால் பத்தலை" என்பது நிஜமாகவே உண்மையாகிவிடுகிறது. முதலில் வந்த சந்தேகமே பற்றாக்குறையை உண்டாக்கியிருக்கிறது.

முதல் மூன்று நாள் வருவது சீம்பால். ஒரு தடவைக்குச் சில மில்லிதான். அன்றைக்குப் பிள்ளையின் வயிற்றுக்கு அதுவே போதும். பார்க்கிறவர்களுக்குத்தான் போதவில்லை. மாடு கன்று போட்டால் சீம்பாலைக் காய்ச்சி, வெல்லம் போட்டு, தெருவுக்கே கொடுப்போம். தாயின் சீம்பாலை மட்டும் 'கெட்ட பால்' என்று பீய்ச்சிக் கொட்டச் சொல்லிவிட்டுச் சேனை வைக்கிறோம் என்று சர்க்கரைத் தண்ணியைத் தொட்டு வைக்கிறோம்! இந்த ஓரவஞ்சனை எப்போது தொடங்கியதோ தெரியாது. சீம்பாலில் இருக்கும் நோய் எதிர்ப்புப் பொருள் அளவுக்குப் பிறகு வரும் பாலில் கிடையாது.

பழி எல்லாம் பாட்டிகள் மேல் போடுவதும் சரியில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவம் மருத்துவமனையில்தான். ஆனால் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைத்த பிள்ளைகள் 60.2 சதவீதம். ஆறு மாதத்துக்குள் இருப்பவர்களில் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவர்கள் 55.1 சதவீதம். சிசேரியன் 44.9. எனக்கு இந்த எண்கள் ஒன்றோடொன்று பேசுவதாகவே படுகிறது. தையல் போட்டு மல்லாந்து படுத்திருக்கிறவளிடம் பிள்ளையைக் கொடுத்துப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். முதுகில் மரப்பு ஊசி போட்டுச் செய்த சிசேரியனில் தாய் விழித்துத்தான் இருக்கிறாள், ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளையை மார்பில் போட முடியும். ஆள் இல்லாத வார்டில் அது நடப்பதில்லை, அவ்வளவுதான்.

வலி பற்றியும் சொல்ல வேண்டும். "முதல்ல அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கோ" என்பார்கள். லேசான கூச்சம் சரி. காம்பு வெடித்து ரத்தம் வந்தால் பொறுத்துக்கொள்ளக் கூடாது. பெரும்பாலும் பிள்ளை காம்பை மட்டும் கவ்வியிருக்கும். வாய் நன்றாகத் திறந்து, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்திலும் பெரும்பகுதி உள்ளே போக வேண்டும். தாடை மார்பில் பட வேண்டும், கீழுதடு வெளியே மடிந்திருக்க வேண்டும், தாயின் வயிறும் பிள்ளையின் வயிறும் ஒட்டியிருக்க வேண்டும். பத்துப் புத்தகம் படிப்பதைவிட, பழகிய ஒரு நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் காட்டிக்கொடுப்பது மேல்.

பால் கட்டிக்கொண்டால் மல்லிகைப்பூ வைத்துக் கட்டுகிற பழக்கம் தெரிந்திருக்கும். இதை வெறும் நம்பிக்கை என்று நான் ஒதுக்கத் தயாராக இருந்தபோதுதான் 1988-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று கண்ணில் பட்டது. பால் வற்றுவதற்கு மல்லிகையையும் புரோமோகிரிப்டின் மாத்திரையையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். புரோலாக்டினைக் குறைப்பதில் மாத்திரைக்குத்தான் வேகம். ஆனால் மார்புக் கட்டு, பால் அளவு, வலிமாத்திரைத் தேவை ஆகியவற்றில் இரண்டும் சமம். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்குப் பால் வற்ற நம்மூர்ப் பெண்கள் செய்த வைத்தியம் சும்மா இல்லை என்றாகிறது. ஆகவே பால் கொடுத்துக்கொண்டிருக்கிறவள் கட்டு இறங்கட்டும் என்று மல்லிகையை மார்பில் வைக்கக் கூடாது. அவளுக்கு மருந்து, அடிக்கடி கொடுப்பதும் மிச்சத்தைக் கையால் பீய்ச்சுவதும்தான். மார்பு சிவந்து காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் போக வேண்டும், அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை.

பூண்டுக்கும் ஒரு ஆய்வு உண்டு, அமெரிக்காவில், 1991-ல். தாய் பூண்டு சாப்பிட்டதும் பாலின் வாசனை மாறியது, பிள்ளைகள் அதிக நேரம் மார்பில் இருந்தன. பால் கூடியது என்று அது சொல்லவில்லை. பால்சுறாப் புட்டு நல்ல சாப்பாடு, தாய்க்குத் தெம்பு. அதற்கு மேல் நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

சித்திரை வெயிலில் "புள்ளைக்கு நாக்கு வறளும், ரெண்டு சொட்டுத் தண்ணி கொடு" என்பார்கள். தாய்ப்பாலில் சுமார் 87 சதவீதம் தண்ணீர்தான். ஆறு மாதம் வரை தனியாகத் தண்ணீர் வேண்டாம். தாய்க்குத்தான் செம்பு நிறையத் தண்ணீர் வேண்டும்.

சரி, நிஜமாகவே பத்தவில்லை என்றால் எப்படிக் கண்டுபிடிப்பது? அழுகையை வைத்து இல்லை. ஐந்தாம் நாளுக்கு மேல் தினம் ஆறு தடவையாவது மூத்திரம் போக வேண்டும். பிறந்தவுடன் கொஞ்சம் எடை இறங்கும், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். மூத்திரம் குறைந்து அடர் மஞ்சளாகப் போனாலோ, பிள்ளை பாலுக்கு எழாமல் துவண்டு தூங்கினாலோ, பத்து சதவீதத்துக்கு மேல் எடை இறங்கினாலோ அன்றைக்கே ஹைகிரவுண்டுக்கோ குழந்தை டாக்டரிடமோ தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். "அமைதியான புள்ள" என்று விட்டுவிடுவதுதான் ஆபத்து. தைராய்டுக் கோளாறு, பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு, பிள்ளையின் நாக்கு ஒட்டியிருப்பது என்று உண்மையான காரணங்களும் உண்டு. அப்போது டாக்டர் மாவுப்பால் எழுதினால் கொடுக்க வேண்டியதுதான், அதில் வெட்கம் இல்லை. டப்பா நாலு நாள் கூட வரட்டும் என்று தண்ணீரைக் கூட்டிக் கலப்பது மட்டும் கூடாது. பிள்ளைக்கு வயிறு நிறையும், எடை ஏறாது.

கடைசியாக ஒன்று. தமிழ்நாட்டில் அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் 12 மாதம் பேறுகால விடுப்பு. பேட்டையிலும் மேலப்பாளையத்திலும் வீட்டில் சுளவை மடியில் வைத்துப் பீடி சுற்றுகிற பெண்ணுக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. சுற்றாத நாளுக்குக் காசில்லை. ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை, தடவைக்கு இருபது முப்பது நிமிடம் என்றால் குறைந்தது மூணு நாலு மணி நேரம் பாலுக்கே போய்விடும். போதாததற்குத் தூளிலுள்ள நிக்கோடின் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும், பாலிலும் இறங்கும். சுற்றினால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சேலையை மாற்றிவிட்டுப் பிள்ளையை எடுக்க வேண்டும். சுளவு இருக்கிற அறையில் தொட்டில் கட்டக் கூடாது. முதல் ஆறு மாதம் அவள் பங்கு இலையை நாத்தனாரோ மாமியோ சேர்த்துச் சுற்றிக் கடைக்குக் கணக்குக் கொடுக்கிற வீடுகள் இருக்கின்றன. அந்த வீடுகளில் டப்பா வருவது குறைவு என்பது நான் கண்ணால் பார்த்தது, ஆய்வு இல்லை.