மெயில் வரலையா? முதல்ல கணக்கில் இடம் இருக்கா பாருங்க!

விண்ணப்பம் போட்டாச்சு, மெயில் ஐடியும் கொடுத்தாச்சு. ஆனால் நேர்காணல் கடிதம் மட்டும் வந்து சேரவில்லை. அலுவலகத்தில் கேட்டால் "அனுப்பிட்டோமே" என்கிறார்கள். அவர்கள் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். ஜிமெயில் கணக்கில் இடம் தீர்ந்துவிட்டால், வருகிற மெயில் உள்ளே நுழையாமல் அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும்.

கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி ஜிமெயிலுக்கு மட்டும் இல்லைங்க. டிரைவ், போட்டோஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். 2021 ஜூன் 1 முதல் பேக்கப் ஆகும் படங்கள் இதில் கணக்கு. ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் பேக்கப்பும் 2024-லிருந்து இதில்தான் சேருகிறது. குடும்ப குரூப்பில் வரும் 'குட் மார்னிங்' வீடியோக்களையும் பேக்கப்பில் சேர்த்திருந்தால், இடம் எங்கே போனது என்று தேட வேண்டியதே இல்லை!

எவ்வளவு மிச்சம் என்று பார்க்க அரை நிமிடம் போதும். ஜிமெயில் ஆப்பைத் திறந்து, வலது மேல் மூலையில் உள்ள உங்கள் படத்தைத் தொடுங்கள். 15 ஜிபியில் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று காட்டும். 80 தாண்டியிருந்தால் அன்றைக்கே சுத்தம் செய்வது நல்லது.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். போனில் உள்ள இடம் வேறு, கணக்கில் உள்ள இடம் வேறு. போன் நிரம்பிவிட்டதே என்று கூகுள் போட்டோஸில் போய், பேக்கப் ஆன படத்தை அழித்தால் அது இரண்டு இடத்திலிருந்தும் போய்விடும். போனில் மட்டும் காலி செய்ய அந்த ஆப்பிலேயே தனி வசதி இருக்கிறது. அழித்தது குப்பைத் தொட்டிக்குத்தான் போகும். அதையும் காலி செய்தால்தான் கணக்கில் இடம் கிடைக்கும். ஆனால் அதன்பின் படம் திரும்பாது, ஒருமுறை பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

வீட்டில் கணினி படிக்கும் பிள்ளை இருந்தால் ஒரு வேலை கொடுக்கலாம். கூகுள் ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டில் சில வரி எழுதினால், டிரைவில் பயன்படுத்திய அளவைத் தினமும் அதுவே பார்த்து, நீங்கள் சொன்ன எல்லையைத் தாண்டியதும் மெயில் அனுப்பும். எல்லையை 80 சதவீதத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். முழுக்க நிரம்பிய பிறகு அந்த எச்சரிக்கை மெயிலும் வராதே!

டிஜிலாக்கர் கணக்கு வேறு. அரசுத் துறைகள் வழங்கிய சான்றிதழ்கள் அங்கே இணைப்பாகத்தான் இருக்கும், இடம் பிடிக்காது. நீங்களே ஸ்கேன் செய்து ஏற்றுபவற்றுக்குத்தான் 1 ஜிபி.